சிவப்பு டேப்புக்குள் ஒரு கப்பல்

என் அருமை மகனே,

சிரிக்காதே. இதை எழுதும்போது எனக்குப் பதினேழு வயது, உனக்கு இரண்டு. இருந்தாலும் நீ எனக்கு மகன்தான். அண்ணன் பிள்ளையை மகன் என்பதுதான் நம்முடைய முறை. சித்தப்பா என்ற சொல்லுக்குள் ‘அப்பா’ முழுசாக உட்கார்ந்திருக்கிறார், எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொள். கல்யாணம் கட்டாமல், கண் விழிக்காமல், டயப்பர் மாற்றாமல் தகப்பனானவன் மலேசியாவின் இந்த பெஸ்தாரி ஜெயா ஊரிலேயே நான் ஒருவன்தான். ஒரே ஒரு முறை மாற்றினேன். முன்பக்கம் பின்பக்கமாகப் போய்விட்டது. அதன் விளைவைப் பாயும் பார்த்தது, பாட்டியும் பார்த்தார்.

பெற்றவர்கள் பிள்ளைக்கு எழுதும் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பார்களாம். நான் ஊரறியப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். வீட்டில் வைத்தால் நீ தின்றுவிடுவாய். பரீட்சைக்கு முன்னால் என் வேதியியல் பயிற்சித்தாளைத் தின்றாய். ஆசிரியரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன், அவர் நம்பவில்லை. என் சரித்திரம் அப்படி. இன்னொன்று: நீ ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வளரப் போகிறவன். பெரியவனாகும்போது தமிழ் படிக்க வராமல் போனால், உன் அப்பாவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல். அவரைக் கிண்டல் செய்த இடங்களை அவர் வாயாலேயே கேட்பது உனக்குக் கூடுதல் லாபம். அண்ணே, ஒரு வரியையும் தாண்டக்கூடாது, பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அப்புறம் குழம்பாதே: என் அண்ணன் உன் அப்பா, என் அப்பாதான் உன் தாத்தா. கடிதம் உனக்கு என்பதால் எல்லாரையும் உன் பக்கத்திலிருந்தே கூப்பிடுகிறேன்.

நாம் ஆறு பேரும் கப்பலில் போய்விட்டுத் திரும்பி சில நாட்கள்தான் ஆகின்றன. அடுத்த வாரம் நீ, உன் அப்பா, உன் அம்மா மூவரும் விமானம் ஏறுகிறீர்கள். இரண்டு வயதில் நடந்தது எதுவும் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை என்கிறார்கள். கடலையும், அதில் நீ போட்ட கூச்சலையும், உன்னை முதுகுச் சட்டையோடு பிடித்துக்கொண்டே நடந்த தாத்தாவையும் நீ சுத்தமாக மறந்துவிடுவாய். பரவாயில்லை, அதற்குத்தான் ஒரு சித்தப்பா. அந்தக் கப்பலை நாம் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அதைத் தூக்கிக்கொண்டு எங்காவது போகத் தோன்றினால் உதவும்.

உன் அப்பா கனரக வண்டி மெக்கானிக். செம்பனை எண்ணெய் ஆலையில் எந்த வண்டி இருமினாலும் தூரத்திலிருந்தே நோயைச் சொல்லிவிடுவார். அவருக்குப் பெர்த்தில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். செய்தியை வீட்டில் சொன்ன அன்று பாட்டி முதலில் அழுதார், பிறகு அங்கே முருங்கைக்காய் கிடைக்குமா என்று கேட்டார். தாத்தா மட்டும், “நல்லது. போய்ட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் லோரியைக் கழுவினார். தாத்தா எஸ்டேட்டுகளிலிருந்து செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகிறவர். மறுநாளும் கழுவினார். அதற்கு மறுநாளும் கழுவினார். அந்த லோரியின் நிறம் பச்சை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உன் அப்பாவோடு சண்டை போட்டிருந்தாலும் பரவாயில்லை. “பசியாறியாச்சா?” “ஆச்சு.” இவ்வளவுதான் இரண்டு பேருக்கும் இடையில் பல வாரப் பேச்சு. ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே தொலைக்காட்சியை இரண்டு வீட்டுக்காரர்கள் போலப் பார்த்தார்கள்.

கப்பல் யோசனை உன் அம்மாவுடையது. அவர் கெர்லிங்கில் வளர்ந்தவர். அங்கே மலை உண்டு, ஆறு உண்டு, கடல் கிடையாது. போவதற்கு முன் எல்லாரும் ஒன்றாக, எங்கேயும் தப்பி ஓட முடியாத ஓர் இடத்தில், கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்றார். ‘எங்கேயும் தப்பி ஓட முடியாத’ என்று சொல்லும்போது வாசலில் லோரி கழுவிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்.

நான் வழக்கம்போல வாயைக் கொடுத்தேன். “அண்ணி, கப்பல்லாம் பெரிய ஆளுங்க போறதுலா. இவன் பால் டின்னோட திரியுறவன்.”

“பால் டின்னுக்கும் அங்க ஜாகா இருக்கு தம்பி. வாய மூடாதவங்களுக்குத்தான் இல்லையாம், பாத்துக்க.”

உன் அம்மாவோடு நான் மோதிய எல்லா ஆட்டத்திலும் தோற்றவன் நான்தான். அதனால் மடிக்கணினியைத் திறந்து கப்பல் தேடும் வேலையும் என் தலையில் விழுந்தது. பரீட்சை முடிந்தவன், சும்மா இருக்கிறவன், இருபத்து நாலு மணி நேரமும் இணையத்தில் கிடப்பவன் என்று மூன்று தகுதிகள் சொன்னார்கள். அலையில் போனால் அலைச்சல் இல்லை என்று நானும் அதற்கு ஒரு விளம்பர வாசகம் எழுதிக் கொடுத்தேன். யாரும் பாராட்டவில்லை.

உன் அப்பா தனக்குப் பிடித்ததை உடனே பிடித்துவிட்டார். கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, பினாங்கு பார்த்து, சிங்கப்பூரில் முடியும் கப்பல். “சாமானோட ஏறிக்கலாம். சிங்கப்பூர்ல எறங்கி அங்கேருந்தே பெர்த் பிளைட் புடிச்சிரலாம். அப்பா, அம்மா, தம்பி மூணு பேரும் பஸ்ல வீடு வந்துருவாங்க. ஒரே அலைச்சலா முடிஞ்சிரும்.” மெக்கானிக் மூளை அது. தேவையில்லாத பாகம் ஒன்றுகூட இருக்காது. எல்லாருக்கும் பிடித்திருந்தது, எனக்கும்தான். தாத்தா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நீங்க போங்கலா. எனக்கு லோட் இருக்கு,” என்றார்.

இங்கேதான் மகனே நாங்கள் எல்லாரும் சறுக்கினோம். தாத்தாவை வரவைக்க வேண்டும் என்று, அவர் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் பிடித்துத் தீர்க்க ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமை அவர் சைவம், கப்பலில் வெள்ளிக்கிழமை வருகிறது என்றார். கப்பல் கம்பெனிக்கு நான் எழுதிக் கேட்டேன், சோறும் பருப்பும் தயிரும் உண்டு என்று பதில் வந்தது. அதைக் காட்டினேன். தயிர் புளிக்கும் என்றார். புளிக்காது என்றேன். அப்போது கப்பல் ஆடும் என்றார். பெரிய கப்பல் ஆடாது என்றேன். “புள்ளைக்கு ஒத்துக்காதுடா. சின்ன ஒடம்பு. நடுக்கடல்ல வாந்தி எடுத்தா எங்க போயி நிப்ப?” என்றார். அந்தக் காரணத்துக்கு மட்டும் எல்லாரும் கொஞ்சம் பயந்தோம். உன் அம்மாகூட மடிக்கணினியை மூடிவிட்டார்.

எனக்கு ஒன்றைச் சும்மா நம்புகிற பழக்கம் இல்லை. சுங்கை செம்பிலாங்கில் என் வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பா மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார். காலை நேரத்தில் உன்னையும் தாத்தாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். மீன் வாங்கப் போகிறோம் என்றுதான் தாத்தாவிடம் சொன்னேன். படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மீன் இன்னும் கடலில் இருக்கிறது என்று விளக்கினேன். முகத்துவாரம் தாண்டியதும் படகு தூக்கிப் போட்டது. தாத்தா உன் உயிர்காப்புச் சட்டையின் முதுகுப் பட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். நீ ஒவ்வோர் அலைக்கும் கையைத் தூக்கி “லோயி! லோயி!” என்று கத்தினாய். உனக்கு ஆடுவது, அதிர்வது, சத்தம் போடுவது எல்லாமே தாத்தாவின் லோரிதான். வாந்தி எடுத்தது ஒரே ஒருவன். அந்த ஒருவன் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறான்.

“திட்டம் போட்டவருக்கே வாந்தியாலா?” என்றார் தாத்தா. பல வாரத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். என் வயிற்றில் இருந்த தோசைக்கு அது நல்ல விலை. ஆனால் கரையில் இறங்கிச் செருப்பை மாட்டியதும், “இருந்தாலும் எனக்கு லோட் இருக்கு,” என்றார். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு பெரியவர் திரும்பத் திரும்பக் கேட்டால், ஒத்துக்கொள்ளாதது பிள்ளைக்கு இல்லை. இதை நான் அன்றே கண்டுபிடித்திருக்க வேண்டும். வாந்தி மயக்கத்தில் விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் உன் அப்பாவும் அம்மாவும் அறையைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். உன் அப்பாவுக்குப் பால்கனி வைத்த அறை வேண்டும். “இவன் தூங்குறப்ப நாம ரெண்டு பேரும் வெளிய ஒக்காந்து கடலப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்கலாம்,” என்றார். உன் அம்மா சொன்னார்: “இவன் தூங்குறப்ப நானும் தூங்குவேங்க. இவன் முழிச்சிருந்தா அந்தக் கம்பியில ஏறுவான். நீங்க பேசிக்கிட்டே பாப்பீங்க.” அதில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் நீ வாசல் கிரில்லில் உச்சிவரை ஏறி, பக்கத்து வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாய். பால்கனி என்பதைப் பாலும் கனியும் என்று நினைத்து ஏமாறாதே மகனே. இரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அங்கே பாலும் இல்லை, கனியும் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தாய்தான் உண்டு. ஆனால் ஜன்னல்கூட இல்லாத உள்ளறையில் உன்னை வைத்து எப்படி நாளைக் கழிப்பது என்றும் யாருக்கும் தெரியவில்லை. பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தாத்தாவின் லோரிப் பெட்டியைத் திறந்து, வண்டியின் பின்பக்கம் ஒட்டுகிற சிவப்பு ஒளிரும் டேப்பை எடுத்தேன். கேட்டு எடுக்கவில்லை, கேட்டால் லோட் இருக்கு என்பார். கப்பல் கம்பெனி போட்டிருந்த அளவின்படி நம் கூடத்துத் தரையில் ஓர் உள்ளறையை ஒட்டினேன். மெத்தைதான் கட்டில், துணிக்கூடைதான் உன் தொட்டில், திரைச்சீலையை இழுத்துவிட்டால் ஜன்னல் இல்லை. கழிவறைக்கு மட்டும் வீட்டுக் கழிவறைக்கே போய்வரலாம் என்று கேப்டன் பெருந்தன்மையோடு அனுமதித்தேன். கேப்டன் நான். தொப்பி, இட்லிச் சட்டியின் மூடி. ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடித்ததும் எல்லாரையும் உள்ளே ஏற்றினேன். மதியச் சாப்பாடு வரை யாரும் கோட்டைத் தாண்டக்கூடாது.

பாட்டி ஏறிய கொஞ்ச நேரத்திலேயே எழுந்து அடுப்படிக்கு நடந்தார்.

“பாட்டி கடல்ல விழுந்துட்டாங்க! மிதவையப் போடுங்க!” என்று கத்தினேன்.

“கடல்ல சோறு அடிபுடிக்குதுடா. நான் பாத்துட்டு நீந்தி வந்துக்குறேன்.”

திரையை இழுத்து விளக்கை அணைத்ததும் நீ துணிக்கூடைக்குள் சுருண்டு அப்படித் தூங்கினாய். வெளிச்சமுள்ள அறையில் அரை மணி நேரம்கூடத் தூங்காத பிள்ளை நீ. இருட்டில் உன் அப்பாவும் அம்மாவும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் உன் அப்பா, “சரி, பால்கனி வேணாம்,” என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஜன்னல் இல்லை என்றால் இன்னல் இல்லை என்று நான் தீர்ப்பெழுதினேன். தூங்குகிற பிள்ளைக்கு இருட்டும், தூங்காத பெரியவர்களுக்கு வெளியே போய்வர ஒருவருக்கொருவர் முறை வைத்துக்கொள்ளும் மனசும் இருந்தால், உள்ளறையே ராஜ அறை. இது விளம்பரத்தில் வராது, சித்தப்பா சொல்லித்தான் தெரியும்.

தாத்தா உள்ளே வரவே இல்லை. வாசல் பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார். “யாருடா என் டேப்ப எடுத்தது?” என்றார். மறுபடி வெளியே போனார். நீ எழுந்ததும் நேராகக் கோட்டு ஓரத்துக்கு நடந்துபோய் நின்றாய். உன் வாழ்க்கையிலேயே நீ மதித்த ஒரே சட்டம் அந்தக் கோடுதான். கையை வெளியே நீட்டி, “தாத்தா, ஏறு,” என்றாய்.

“எனக்கு லோட் இருக்கு தவுக்கே.” முதலாளி என்று உன்னைத்தான் அப்படிக் கூப்பிடுவார்.

“ஏறு.”

அவர் என்னைப் பார்த்தார், உன் அம்மாவைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்க்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து கோட்டைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தார். நீ அவர் மடியில் ஏறினாய். நான் ஓடிப்போய் லோரியின் ஹோர்னை நீளமாக அடித்தேன். தெருவே எட்டிப் பார்த்தது. கப்பல் புறப்பட்டது.

பினாங்கு வந்தது. பாட்டி எல்லாருக்கும் தேங்காய்ப்பால் ஊற்றிய குளிர்ந்த செண்டோல் கொடுத்தார். தாத்தா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார், உன்னுடையதோடு சேர்த்து மூன்று. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உன் அப்பாவின் முழங்காலும் தாத்தாவின் முழங்காலும் இடித்துக்கொண்டிருந்தன, அந்த அறையில் வேறு வழியில்லை. நான் மூடியைத் தட்டி அடுத்த அறிவிப்பைக் கொடுத்தேன்.

“பயணிகள் கவனத்துக்கு! சிங்கப்பூர் வந்தாச்சு. பெர்த் போறவங்கல்லாம் வலது பக்கம் எறங்குங்க. பஸ்ல வீட்டுக்குப் போறவங்க இடது பக்கம். சாமான மறக்காதீங்க. புள்ளைய மறக்காதீங்க. சித்தப்பாவ மட்டும் மறந்துட்டுப் போங்க!”

உன் அம்மா வலது பக்கம் இறங்கினார். உன் அப்பா இறங்கி நின்று, உன்னை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். தாத்தா தரவில்லை. விளையாட்டு என்று நினைத்து நான் மறுபடி மூடியைத் தட்டினேன். “தாத்தா, கப்பல் நிக்காது, சீக்கிரம்!”

“நிக்கட்டும்.”

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. நான் மூடியைக் கீழே வைத்தேன். உன் அப்பா கையை நீட்டியபடியே, “அப்பா?” என்றார்.

தாத்தா அவரைப் பார்க்காமல் உன் தலைமுடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். “வெளியூருக்குப் போற புள்ளைய வீட்டு வாசல்லேருந்துடா அனுப்பணும். சாமி கும்புட்டு, துன்னூறு பூசி, வண்டி முக்கு திரும்புற வரைக்கும் நின்னு பாத்து அனுப்பணும். வழியில எங்கயோ ஒரு எடத்துல ஒங்கள எறக்கி விட்டுட்டு, நான் பஸ்ஸப் புடிச்சுக்கிட்டு வெறுங்கையா வீட்டுக்கு வரணுமா?”

நீ அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாய்.

“எங்க தாத்தாவ அப்படித்தான் நாகப்பட்டணத்துல மலாயாக் கப்பலடியில விட்டுட்டுப் போனாங்களாம். அதுக்கப்புறம் அந்த வாசல யாரு பாத்தா?”

“இத ஏம்ப்பா மொதல்லயே சொல்லல?” உன் அப்பாவின் குரல் உடைந்திருந்தது. அண்ணே, இந்த இடத்தை விட்டுப் படிக்காதே, உரக்கப் படி.

“நீ கேட்டியா? எல்லாரும் சேந்து, தயிர் புளிக்குமா புளிக்காதான்னுதான கேட்டீங்க.”

உன் அப்பா கோட்டைத் தாண்டித் திரும்ப உள்ளே வந்து, முன்பு உட்கார்ந்திருந்த அதே இடத்தில், முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். உன் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். அவர்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, கிள்ளான்ல ஏறி கிள்ளான்லயே வந்து எறங்குற கப்பல் ஏதாச்சும் இருக்கா, பாரு.”

இருந்தது. பினாங்கும் லங்காவியும் போய்விட்டு, புறப்பட்ட துறைக்கே திரும்பும் கப்பல். உன் அப்பாவின் அழகான திட்டம் பாகம் பாகமாகக் கழன்றது. சாமானைக் கப்பலில் ஏற்ற முடியாது, விமானத்துக்குத் தனியாகச் சீட்டு எடுக்க வேண்டும், பெர்த்தில் வேலைக்குச் சேரும் நாளையும் தள்ளிக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்தார். சீட்டை அச்சடித்து நான் தாத்தாவிடம் நீட்டியபோது அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரே ஒரு வரியைத்தான் தேடினார். முடியும் இடம்: கிள்ளான். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, “வெள்ளிக்கெழம தயிர் நிச்சயமா இருக்கும்ல?” என்றார். நான் மூடியைத் தேடி எடுத்துத் தட்டினேன்.

கப்பலைப் பற்றி உனக்குச் சில உண்மைகள். டயப்பர் போட்ட பிள்ளையை நீச்சல் குளத்தில் விடமாட்டார்கள். நீ குளத்தின் ஓரத்தில் நின்று, உள்ளே இருந்தவர்களை எல்லாம் வெளியே வரச் சொல்லிக் கட்டளையிட்டாய். பாட்டும் நடனமும் நடந்த அரங்குக்குள் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. அபாய ஒத்திகை மணி அடித்தபோது மட்டும் கைதட்டினாய். உனக்குப் பிடித்தது மின்தூக்கியின் பொத்தானும், நீண்ட நடைபாதையில் விரித்திருந்த கம்பளமும். அந்தக் கம்பளத்தில் நீ முன்னால் ஓட, உன் சட்டையின் முதுகைப் பிடித்தபடி தாத்தா பின்னால் ஓட, கப்பலின் முனையிலிருந்து முனைக்கு எத்தனை தடவை போனீர்கள் என்று கப்பலுக்கே தெரியாது. அதனால் சின்னப் பிள்ளையோடு போகிறவன் கப்பலில் எத்தனை ஆட்டம் பாட்டம் என்று பார்க்கத் தேவையில்லை. நடைபாதை நீளமா, சாப்பாடு சீக்கிரம் கிடைக்குமா, அறை இருட்டாகுமா, பிள்ளைக்குப் பின்னால் ஓட யார் வருகிறார்கள் என்று பார்த்தால் போதும். கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. நாங்கள் அதைக் கடைசியில் கேட்டோம்.

லங்காவி தாண்டிய சாயங்காலம் தாத்தாவும் உன் அப்பாவும் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசியதைப் பார்த்தேன். பிள்ளைக் கடமையாகப் பின்னால் போய் ஒட்டுக்கேட்டேன். பெர்த் லோரிகளின் கியர்பாக்ஸைப் பற்றித்தான் பேச்சு. கண்ணீர் விடுவார்கள் என்று நம்பிப் போனவனுக்கு ஏமாற்றம். ஆனால் நடுவில் தாத்தா, “குளிருல இஞ்சின காலையில கொஞ்ச நேரம் ஓடவிட்டு எடு. அவசரப்படாத,” என்றார். உன் அப்பா, “சரிப்பா,” என்றார். அதைக் கேட்டதும் நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். குறும்பு செய்ய எத்தனையோ இடம் இருக்கிறது, அது இடமில்லை.

கிள்ளானுக்கு வந்து சேர்ந்த காலையில் நாம் ஆறு பேரும் மேலே நின்றோம். கரை நெருங்கியதும் கப்பல் ஹோர்ன் அடித்தது. பெரிய மனிதர்களே திடுக்கிட்டார்கள். நீ தாத்தாவின் தோளில் இருந்தபடி இரண்டு கையையும் தூக்கி, “தாத்தா லோயி!” என்று கத்தினாய். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தாத்தா சிரிக்கவில்லை. ஏறியபோது நின்ற அதே கட்டடம், அதே வாசல் எதிரில் பெரிதாகி வருவதைப் பார்த்துக்கொண்டே, “பாத்தியா தவுக்கே,” என்றார். “ஏத்துன எடத்துலயே கொண்டாந்து எறக்கிட்டான்.”

அடுத்த வாரம் உங்களை வாசலிலிருந்துதான் அனுப்பப் போகிறோம். பாட்டி துன்னூறு மடித்து வைத்துவிட்டார். தாத்தா விமான நிலையத்துக்கு வரமாட்டாராம், முக்கு வரைக்கும் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பாராம். நான் லோரியில் ஏறித் தயாராக உட்கார்ந்திருப்பேன். கார் முக்குத் திரும்பும்போது ஹோர்ன் கேட்கும். நீ என்ன கத்துவாய் என்று எனக்கு இப்போதே தெரியும்.

கூடத்துத் தரையில் டேப் இன்னும் அப்படியே இருக்கிறது. பாட்டி உரிக்கப் போனார். “உடு, லோரி டேப்பு. லேசுல வராது,” என்றார் தாத்தா. வரும், நான் நகத்தால் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை. இப்போது பாட்டி தரை துடைக்கும்போது கோட்டுக்குள்ளே தனியாக, வெளியே தனியாகத் துடைக்கிறார். தாத்தா சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் நாற்காலியை விட்டுவிட்டு அதற்குள் போய் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். ஒரு மூலை மட்டும் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது. அது நீ தின்றது.

நீ மீசையோடு வந்தாலும் சரி, உன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக உள்ளே ஏறு. உன் காலை நீட்ட அப்போது இடம் இருக்காது. முழங்கால் இடிக்கும். இடிக்கட்டும்.

இப்படிக்கு,
கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்த கேப்டன்,
உன் சித்தப்பா